பத்து எண்ணுவதற்குள்

உங்கள் எழுத்தர் பார்த்துத் தட்டச்சு செய்கிற திரையில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டு குண்டாகத் தெரிகிறது, மேடம். திரை அகலமானது, அதற்குள் போகிற படம் அவ்வளவு அகலமில்லை. யாரோ இழுத்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும், சரியாகிவிடும். நேற்றே அவரிடம் சொன்னேன். வேலை ஓடுகிறதல்லவா, அது போதும் என்றார். இந்தப் பதிலை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்தவன் நான். அதனால்தான் வாக்குமூலத்தை அவரிடம் சொல்லாமல், தாள் வாங்கிக் கையாலேயே எழுதித் தருகிறேன். என் எழுத்து தெளிவாக இருக்கும்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். அந்த ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதிவிட்டால் நடுவில் இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். இருபத்தேழு வருடமாக, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பதுதான் தொழில். பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்பார்கள். இரண்டும் ஒன்றுபோல ஒருநாளும் இருந்ததில்லை. சொல்லச் சோம்பல்படுகிறார்கள், அவ்வளவுதான். மங்கலோடு சமாதானமாக வாழ்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று என்னைப் போல அறிந்தவர் இருக்க முடியாது. அவர்களில் முதல் ஆள் என் அண்ணன்.

அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். பதினேழு வயதில் கல் அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனார். என்னைப் படிக்கவைத்தது அவர்தான். அவர் இறப்புக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு இதை என்னிடம் எடுத்துச் சொன்னார்கள், நான் ஏதோ கேள்விப்படாத செய்தி என்பதுபோல. நான் மறுக்கவில்லை. முதல் சம்பளத்தில் வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அதுவும் எனக்காகத்தான். பெரிய மனசு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியோடு ஒரு சண்டை ஆட்டம் வந்தது. இரண்டு பேர், இரண்டு ஜாய்ஸ்டிக். அண்ணன் எப்போதும் மொட்டைத் தலை மல்லன் ஒருவனை எடுத்துக்கொள்வார். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை குனிந்து எதிராளியின் காலை வாருவது. நான் நீலச் சட்டைக்காரனை எடுப்பேன். பறப்பான், சுழன்று அடிப்பான், இரண்டு கையிலும் நெருப்பு வரும். பத்து ஆட்டத்தில் ஏழு எட்டு நான்தான் ஜெயிப்பேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு நான் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. சின்ன வயதில் ஜெயித்தவன் நான்.

வருடங்கள் போயின. கல்தூசி அண்ணனுடைய நுரையீரலில் குடியேறியது. இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலில் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போகும். குழாய் எட்டுகிற தூரம்தான் அவருடைய உலகம். அந்த நேரத்தில் என் மனைவியும் என்னை விட்டுப் போயிருந்தாள். நான் எப்போது பார்த்தாலும் அவளைத் திருத்திக்கொண்டே இருப்பதாகக் காரணம் சொன்னாள். அந்த வாக்கியத்திலேயே ஒரு பிழை இருந்தது, அதையும் சொன்னேன். மாடியறை சும்மாதானே கிடக்கிறது, வாடா என்று அண்ணன் கூப்பிட்டார். பெட்டி படுக்கையோடு போனேன்.

அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று பழைய கேம் பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்துத் தந்தது அண்ணி. இதற்கு அண்ணியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஹாலில் இருந்த பெரிய புது டிவியில் மஞ்சள் வயரைச் செருகி நான் ஆட்டத்தை ஓடவிட்டேன். திரையில் வந்ததைப் படம் என்று சொல்ல என் தொழில் இடம் கொடுக்கவில்லை. மொட்டையன் பூசணி மாதிரி அகண்டு நின்றான். என் நீலச் சட்டைக்காரன் சுவரில் ஊறிய கறைபோலத் தெரிந்தான். அன்றைக்குப் பத்து ஆட்டம் ஆடினோம். பத்தும் தோற்றேன்.

நான் தோற்றதற்குக் காரணம் படம். வேறு என்னவாக இருக்க முடியும்?

கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி அனுப்புவது வெறும் இருநூற்று நாற்பது வரி. புது டிவிக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது வரி இருக்கிறது. மிச்ச வரிகளுக்கு டிவி என்ன செய்யும்? நம் சொந்தக்காரர்கள் செய்வதைத்தான் செய்யும்: தெரியாததைத் தெரிந்ததுபோல ஊகித்து இட்டு நிரப்பும். அந்த ஊகத்தில் ஓரங்கள் கரைந்து போகும். அதோடு விடாமல், முகத்துக்குப் பவுடர் அடிப்பதுபோல வழவழவென்று ஆக்கிவைக்கும். இவ்வளவும் செய்து முடிப்பதற்குள், நீங்கள் பட்டனை அழுத்தி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஓடியிருக்கும். சண்டையில் அது பெரிய நேரம்.

வேலையில் இறங்கினேன். முதலில் டிவியின் சொந்த அலங்காரங்களையெல்லாம் அணைத்தேன். ஷார்ப்னஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கூட்டினால் தெளிவு வரும் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் அது ஓரங்களில் வெள்ளைக் கோடு கட்டி ஏமாற்றும் வேலை. பூஜ்யத்தில் வைத்தேன். தாமதத்தைக் குறைக்கிற கேம் மோடைப் போட்டேன். படத்தை இழுக்காமல் அதன் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"இவ்ளோ பெரிய டிவி வாங்கி, ரெண்டு பக்கமும் கறுப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான் பாரு உன் கொழுந்தன்" என்று அண்ணன் அண்ணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கடைக்குப் போனதும் ரிமோட்டை எடுத்து மறுபடி இழுத்துவிடுவார். சாயங்காலம் வந்தால் பூசணி மொட்டையன் திரையில் நிற்பான். கேட்டால், "தெரியுதுல்ல, அது போதும்டா" என்பார். அவருக்கு எது தெரிந்தாலும் போதும். அப்போதும் பத்துக்குப் பத்து தோற்றேன்.

மஞ்சள் வயரைத் தூக்கி எறிந்தேன். அது சிவப்பு பச்சை நீலம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் திணித்துக் கூழாக்கி அனுப்புவது. நிறங்களைத் தனித்தனியாக அனுப்புகிற கேபிள் ஒன்றை வரவழைத்தேன். தோற்றேன். பிறகு கன்வர்ட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன். பழைய படத்தின் ஒவ்வொரு வரியையும் சரியாக ஒன்பது வரியாகப் பெருக்கித் தருவது அதன் வேலை. எட்டரையும் இல்லை, ஒன்பதேகாலும் இல்லை. எட்டரை என்றால் ஓரம் கலங்கிவிடும். அந்தப் பெட்டி வந்த நாளில் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது என்பதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். நீலச் சட்டைக்காரனின் இடுப்புக் கச்சையில் மூன்று பித்தான் இருக்கிறது, மேடம். முப்பத்தைந்து வருடத்தில் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணனிடம் காட்டினேன். "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு என் காலை வாரினார்.

அதே டிவி, அதே மங்கல், அதே தாமதம் அவருக்கும்தானே இருந்தது, பிறகு அவர் மட்டும் எப்படி ஜெயித்தார் என்று நேற்றுக் கேட்டீர்கள். சாமர்த்தியமான கேள்வி. காலை வாருகிறவனுக்குத் தெளிவு எதற்கு? கலை உள்ள ஆட்டத்துக்குத்தான் தெளிவு வேண்டும்.

பதினோரு வாரத்தில் நான் ஜெயித்தது மூன்றே மூன்று ஆட்டம். மூன்று முறையும் ஆட்டத்தின் நடுவில் அவருக்கு இருமல் வந்திருந்தது. அதை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு படத்தில் ஒரே ஒரு குறை மிச்சம் இருந்தது. மெல்லிய சாய்ந்த கோடு ஒன்று திரையின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறிப் போகும். போய்விட்டு மறுபடி அடியிலிருந்து வரும். அண்ணனுக்கு அது தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால் தெரியும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

இது வீட்டில் ஓடும் வேறு ஏதோ ஒரு மின்சாதனத்தின் வேலை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு சாதனமாக அணைத்துவிட்டுப் பத்து எண்ண வேண்டும். போகிற கோடு பத்து எண்ணுவதற்குள் போய்விடும். போகாத கோடு பத்து நாள் அணைத்து வைத்தாலும் போகாது. ஃப்ரிட்ஜை அணைத்து எண்ணினேன், போகவில்லை. திரும்பப் போட மறந்துபோனதில் பால் திரிந்து அண்ணி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், மின்விசிறி, இணையப் பெட்டி, போன் சார்ஜர் வரைக்கும் பார்த்தாயிற்று. கோடு அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான். டிவிக்கு நாலடி தள்ளி, ராத்திரி பகல் ஓய்வில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

நான் திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. முறையாக அண்ணியிடம் கேட்டேன். பத்து எண்ணுகிற நேரம்தான் என்றேன். அண்ணி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"தம்பி, அது மெஷின் இல்ல, அவரோட மூச்சு. வீட்ல எதை வேணா நோண்டுங்க, அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க."

சரி என்றேன். மெஷின் சர்வீஸ்காரர் வந்தபோது, இதனால் டிவியில் கோடு விழுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கரண்ட் போனால் பக்கத்தில் இருக்கும் சிறிய சிலிண்டருக்குக் குழாயை மாற்ற வேண்டும் என்று எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தார். கரண்ட் நின்றால் மெஷின் வீலென்று கத்துமாம். அதற்கென்று உள்ளே தனியாக ஒரு பேட்டரி இருக்கிறதாம். கேட்காத தகவலைத் தருகிறவர்களுக்கு எப்போதும் நன்றி சொல்வது என் வழக்கம். சொன்னேன்.

அந்த வாரம்தான் அண்ணன் அதைச் சொன்னார். பத்தாவது ஆட்டமும் முடிந்திருந்தது. சின்ன வயதில் நான்தானே ஜெயிப்பேன், இந்தக் கோடு மட்டும் போகட்டும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு, குழாயைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

"அப்பல்லாம் தோத்தா நீ அழுவடா. அதான் விட்டுக்குடுப்பேன்."

மறுநாள் கடையில் ஒருவருக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தவறு. முப்பத்தைந்து வருடமாக என்னிடம் இருந்த ஒரே வெற்றியை, மூச்சு வாங்கிக்கொண்டே, ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்கு நடுவில் எடுத்துக்கொண்டுவிட்டார். அது அவருக்குத் தெரியக்கூட இல்லை. தெரிந்தவரை போதும் என்று இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை சிலிண்டரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்னறையில் விட்டேன். இதை நீங்கள் திட்டம் என்கிறீர்கள். கன்வர்ட்டர் பெட்டியை வைக்கும் தட்டுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. மெஷினின் பேட்டரியையும் அன்றுதான் கழற்றினேன். சோதனையின்போது அது கத்தினால் ஆட்டத்தின் சத்தம் கெடும். அதை என் மேசை இழுப்பறையில் எடுத்ததாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். சரிதான், அங்கேதான் வைத்தேன். எதை எங்கே வைத்தேன் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அண்ணி மருந்து வாங்கக் கிளம்பினார். போகும்போது மெஷினின் எண் பலகையைப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த தாளில் நேரத்தோடு குறித்துவிட்டுப் போனார். மெஷின் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அந்தப் பலகை காட்டும். தினமும் குறிக்கச் சொல்லி சர்வீஸ்காரர் பழக்கியிருந்தார். எல்லாம் முடிந்து மெஷினை அணைத்தபோதும் அண்ணி அதேபோல நேரம் போட்டுக் குறித்திருக்கிறார். அவ்வளவு சின்ன எழுத்தை நான் கவனிக்காமல் போனதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பத்து நாள் கழித்து மெஷினைத் திரும்ப எடுத்துப் போக வந்தவர், தாளையும் பலகையையும் ஒத்துப்பார்த்து, நாற்பத்தெட்டு நிமிடம் இடிக்கிறதே என்று கேட்டார். அதுவரைக்கும் எல்லோரும் நோய் முற்றிப் போய்விட்டார் என்றுதான் நம்பியிருந்தார்கள். அண்ணியின் துல்லியத்தை நான் மெச்சுகிறேன். அந்த வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் குணம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆட்டத்துக்குக் கூப்பிட்டது அண்ணன். முதல் நாலு ஆட்டம் தோற்றேன். அப்புறம் எழுந்து டிவிக்குப் பின்னால் போய் மெஷினின் பிளக்கை உருவினேன். உறுமல் நின்றது. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"சத்தம் நின்னுடுச்சேடா" என்றார்.

"கோடு போகுதான்னு பாக்கறேன். பத்து எண்ணுங்க அண்ணா."

எண்ணினார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். ஒன்று இரண்டு என்று வாய்விட்டு, ஆறில் ஒரு முறையும் எட்டில் ஒரு முறையும் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டு, பத்து வரைக்கும் எண்ணினார்.

"பத்து. போயிடுச்சா?"

நேற்று நீங்கள் கேட்டதும் இதே கேள்விதான். உங்களுக்குச் சொல்லாத பதிலை அவருக்கும் அப்போது சொல்லவில்லை. ஆடிக்கொண்டே பார்ப்போம் என்றேன். ஐந்தாவது ஆட்டம் தொடங்கியது.

ஐந்தாவதை நான் ஜெயித்தேன். மயிரிழையில்தான். ஆறாவதில் மொட்டையன் குனிவதற்கு நேரம் எடுத்துக்கொண்டான். பறந்து போய் அடித்தேன். எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. ஏழாவதில் அண்ணனின் உதடு நிறம் மாறியிருந்தது. நிறங்களைக் கவனிப்பது என் தொழில், கவனித்தேன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிளக் இருந்த இடம் குனிந்து எட்ட வேண்டிய இடம். எட்டாவது ஆட்டத்தின் நடுவில் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"சரிடா, நீ ஜெயிச்சுட்ட. மெஷினப் போடு."

கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற தம்பியைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. அந்தக் குரலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், அப்போது அதன் அர்த்தம் தெரியாது. ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவர் கையில் திரும்ப வைத்தேன். விரல்களைப் பட்டன்மேல் ஒவ்வொன்றாக நானே வைத்துவிட்டேன்.

"விட்டுக்குடுக்கக் கூடாது அண்ணா. ஆடுங்க."

ஆடினார். ஒன்பதாவதில் இரண்டு முறை குனிந்தான் மொட்டையன். பத்தாவதில் நின்ற இடத்திலேயே நின்றான். நான் எல்லா அடியும் அடித்தேன், பறந்து ஒன்று, சுழன்று ஒன்று, இரண்டு கை நெருப்பு. முடிந்ததும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. எழுந்து போய் பிளக்கை மாட்டினேன். மெஷின் உறுமத் தொடங்கியது. குழாயை அவர் மூக்கில் நேராக்கி வைத்தேன். அண்ணி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். கோடு போகவில்லை. அண்ணன் மூன்று என்று சொல்லும்போதே அடியிலிருந்து கிளம்பிவிட்டது, பத்து சொல்லும்போது திரையின் உச்சியில் இருந்தது. மெஷினுக்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச ஆறு ஆட்டத்திலும் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. இறப்புக்கு வந்தவர்கள் போன பிறகு, நான் வாங்கிய கேபிளின் முனை ஒன்று தளர்ந்திருப்பதைப் பார்த்து விரலால் அழுத்தினேன். போய்விட்டது. படம் இப்போது துல்லியமாக இருக்கிறது.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். இதை உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்யும்போது ஒரு வரி மட்டும் விடுபட்டுவிடக் கூடாது: கடைசி ஆறு ஆட்டத்தையும் நான் ஜெயித்தேன், அதில் ஒன்றைக்கூட அண்ணன் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை.